சிங்கப்பூரில் பொழுதுபோக்கு மின்னணுவியல்

வானொலி, ஒலிபெருக்கி, தானியங்கி விளக்கு, சிறு ரோபோ போன்றவற்றை விற்பனைக்காக அல்லாமல் ஆர்வத்தால் செய்து பார்ப்பது பொழுதுபோக்கு மின்னணுவியல் எனப்படும். சிங்கப்பூரில் இதற்கான கடைகள் தேக்காவை அடுத்த ரோச்சோர், ஜாலான் புசார் வட்டாரத்தில் செறிந்துள்ளன. உதிரிபாகங்களை வாங்கி வானொலி கட்டும் பழக்கம் இங்கு அருகிவிட்டது. நிரல் எழுதி இயக்கும் சிறு பலகைகளைக் கொண்டு கருவி செய்வது பெருகியுள்ளது.

வரலாறு

தொடக்கக்கால ஆர்வலர்கள் பலரை ஈர்த்தது சிற்றலை வானொலி. 1970களின் இறுதியிலிருந்து கிராஞ்சியில் இயங்கிவந்த பிபிசியின் தூரக்கிழக்குச் சிற்றலை மறுஒலிபரப்பு நிலையம் 2023இல் மூடப்பட்டது. உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள் 9வி1 எனத் தொடங்கும் அழைப்புக் குறியுடன் இன்றும் வானொலிவழி தொடர்புகொள்கிறார்கள்.

ஜாலான் புசாரிலுள்ள சிம் லிம் டவர் மின்தடையம், மின்தேக்கி, டிரான்சிஸ்டர், சால்டரிங் கருவிகள் கிடைக்கும் இடமாகப் பெயர்பெற்றது. அருகிலுள்ள சிம் லிம் ஸ்குவேரில் கணினிப் பொருள்கள் விற்கப்படுகின்றன. பழைய சாதனங்களும் கிடைத்துவந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது.

ஆர்வம் தொழிலாக வளர்ந்ததற்குச் சிறந்த சான்று சிம் வோங் ஹூ. 1981இல் பேர்ல்ஸ் சென்டரில் சிறு கணினிப் பழுதுபார்ப்புக் கடையாக அவர் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி, 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையை வெளியிட்டது. 1992இல் அந்நிறுவனம் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

சரிவின் காரணங்கள்

முன்பு வானொலியை வீட்டிலேயே கட்டினால் பணம் மிச்சமானது. ஆலைப் பொருள்கள் மலிந்தபின் அந்த ஆதாயம் மறைந்தது. உதிரிபாகங்களும் அரிசிமணியைவிடச் சிறுத்துவிட்டதால் அவற்றைக் கையால் பற்றவைப்பது கடினமாயிற்று. இணைய விற்பனை கடைகளின் வாடிக்கையாளர்களை ஈர்த்துக்கொண்டது. இச்சரிவு உலகெங்கும் நேர்ந்தது: அமெரிக்காவின் ஹீத்கிட் நிறுவனம் 1992இல் கட்டுமானத் தொகுப்புகளின் விற்பனையை நிறுத்தியது, பிரிட்டனின் மேப்லின் மின்னணுக் கடைகள் 2018இல் மூடப்பட்டன.

புத்துயிர்

2005இல் இத்தாலியில் உருவான அர்டுயினோவும் 2012இல் பிரிட்டனில் வெளியான ராஸ்பெரி பையும் ஆகிய சிறு பலகைகள் நிலைமையை மாற்றின. இவற்றில் உணரியை இணைத்துச் சில வரி நிரல் எழுதினால், செடிக்கு நீரூற்றும் கருவியைப் பள்ளிச் சிறுவரும் செய்யலாம். ஹேக்கர்ஸ்பேஸ் எஸ்ஜி 2009இல் தொடங்கப்பட்டு, ஆர்வலர்கள் கூடிப் பணியாற்ற இடம் தந்தது. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2017இல் தொடங்கிய திட்டம் மைக்ரோபிட் பலகையைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. 2014இல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாம் இயக்கத்தில், பழுதான மின்விசிறியையும் மின்சோற்றுப் பானையையும் சரிசெய்யத் தொண்டூழியர்கள் கற்றுத்தருகிறார்கள்.

மதிப்பீடு

நிரலால் இயங்கும் பலகைகள் இத்துறைக்குப் புதியவர்களை அழைத்து வந்துள்ளன. ஆனால் ஆயத்தப் பலகையை மட்டுமே பழகியவர், ஒரு மின்சுற்று ஏன் வேலை செய்கிறது என்பதை அறியாமல் போக வாய்ப்புண்டு. பழுதுபார்க்கும் திறனுக்கு அந்த அடிப்படை அறிவு இன்றியமையாதது. மொத்தத்தில், சிங்கப்பூரில் இத்துறை அழியவில்லை. வடிவம் மாறி வளர்கிறது. நிரலோடு சால்டரிங்கும் மின்சுற்று அடிப்படைகளும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டால்தான் அவ்வளர்ச்சி முழுமை பெறும்.