தில்லிப் பருந்தும் நம் தர்மமும்

தில்லிக்கு வந்த புதிதில் என் கண்ணில் முதலில் பட்டது செங்கோட்டை இல்லை. அதற்கு மேலே வட்டமிட்ட பருந்துக் கூட்டந்தான். இங்கே 'சீல்' என்பார்கள். நம் ஊரில் கோழிக்குஞ்சைத் தூக்கிப்போகும் அதே கள்ளப்பருந்து. தலைநகரில் மட்டும் இத்தனை ஏன்?

கலூஷின் என்ற ரஷ்ய அறிஞர் 1967 வாக்கில் இங்கே கூடுகளை எண்ணினார். சதுர கிலோமீட்டருக்குச் சராசரி 16 இணைகள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து நம் ஆராய்ச்சியாளர்கள் எண்ணியபோது 15. நடுவில் ஊர் எவ்வளவு மாறிப்போச்சு, பாருங்கள்!

மரமும் திறந்த குப்பைமேடும் காரணம் என்பார்கள். அது பாதிதான். பழைய தில்லியில் இஸ்லாமியர் 'சதகா' என்று கறித்துண்டுகளை வானத்தில் வீசுவார்கள். தம் துன்பத்தைப் பறவை கொண்டுபோய்விடும் என்பது நம்பிக்கை. அந்தத் தெருக்களுக்கு அருகில் கூடு கட்டும் பருந்துகளே அதிகம் குஞ்சு வளர்க்கின்றன என்று ஆய்வு கண்டிருக்கிறது.

அதே கலூஷின் கணக்கில் இருந்த வெண்முதுகுப் பாறுகள் ஏறக்குறைய அற்றுப்போயின. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள், ரொம்பத் தாமதம். திருக்கழுக்குன்றத்தில் பொங்கல் தின்ற கழுகுகளும் பாறு இனமே. மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

சமணர்களாகிய நாங்கள் எந்த உயிரையும் கொல்வதில்லை. சாந்தினி சௌக்கில் எங்கள் லால் மந்திரை ஒட்டிய பறவை மருத்துவமனை சுதந்திரத்துக்கு முந்தியது. ஆனால் கறி தின்னும் பறவைக்கு அங்கே வெளிநோயாளி வைத்தியம் மட்டும். உள்ளே தங்கவைக்கும் வழக்கமில்லை. அந்தக் குறையை வஜீராபாத்தில் இரண்டு இஸ்லாமிய சகோதரர்கள் தீர்த்தார்கள். அவர்களைப் பற்றி 2022ல் 'ஆல் தட் பிரீத்ஸ்' என்ற ஆவணப்படமே வந்தது.

தில்லியில் நைலான் மாஞ்சாவுக்கு 2017ல் தடை வந்தும், ஆகஸ்டு பதினைந்து வந்தால் நூல் அறுக்கத்தான் செய்கிறது. போன வருஷம் என் கிடங்கு மொட்டைமாடியில் இறக்கை கிழிந்து ஒரு பருந்து விழுந்தது. ராத்திரி ஆகிவிட்டது, காலையில்தான் வஜீராபாத் போகமுடியும். அட்டைப்பெட்டியில் வைத்தோம். அரிசியும் பருப்பும் வைத்தேன், தொடவில்லை. கடைப் பையன் என் முகத்தையே பார்த்தான். "இது கறிதான் தின்னும், ஐயா." அறுபது வயசுக்கு மேல், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கறிக்குக் காசு எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.