சமன் செய்யப்பட்ட தூரம்

அவிநாசியிலிருந்து திருப்பூரை ஊடுருவி வரும் நெடுஞ்சாலை, அவிநாசிபாளையத்தில் கோவை–திருச்சிச் சாலையோடு சேர்கிறது. இச்சந்தியில் இன்று கொங்குத் தமிழோடு இந்தியும் ஒடியாவும் காதில் விழுகின்றன. பனியன் ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது, வந்தார்கள் என்பது பாதி வரலாறே. மறுபாதி 1950களில் தில்லியில் எழுதப்பட்டது.

அன்றைய நடுவண் அரசு சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையைக் கொணர்ந்தது. பீகாரின் சுரங்கங்களுக்கு அருகே எஃகு என்ன விலையோ, அதே விலைதான் சென்னையிலும் பம்பாயிலும். தூரத்தின் செலவை நாடே பகிர்ந்து சுமந்தது. ஆகவே கனிம மண்ணில் ஆலை அமைப்பதற்கிருந்த காரணம் தளர்ந்தது. தெற்கிலும் மேற்கிலும் பொறியியல் தொழில் தழைத்தது. பருத்திக்கோ இச்சமன்பாடு இல்லை. பீகாரின் வளம் நமக்குப் பொதுவாயிற்று. நம் வளம் பீகாருக்குப் பொதுவாகவில்லை. 1990களின் தொடக்கத்தில் எஃகுக்கான இந்த ஏற்பாடு கைவிடப்பட்டபோது, வேரூன்ற வேண்டியவை வேரூன்றியிருந்தன. அம்மாநிலத்தின் வறுமைக்கு இதுவே முழுக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டம் உரமிட்டு வளர்த்த ஜமீன்தாரி முறை இதனினும் பழைய புண்.

நம் பனியன்களை வாங்கும் ஐரோப்பாவும் இந்த மேடு பள்ளத்தை அறியும். 1955இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி தென் இத்தாலியின் ஏழை உழவர்கள் ஜெர்மானிய ஆலைகளுக்கு இரயிலேறினர். ஆள் போன பின்னரே பணம் வந்தது: 1975இல் பிராந்திய வளர்ச்சி நிதி, 1992இன் மாஸ்டிரிக்ட் உடன்படிக்கையின் பயனாக ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ், அயர்லாந்து ஆகியவற்றுக்கு ஒருங்கிணைவு நிதி. அயர்லாந்து ஏறிற்று. கிரீஸோ 2009க்குப் பின் சரிந்தது. நிதி மட்டும் போதாது போலும்!

நம் நாட்டில் அப்பணியை நிதி ஆணையம் செய்கிறது. பதினைந்தாவது ஆணையம் 2021–26 காலத்துக்கு, மாநிலங்களுக்கான வரிப்பங்கில் பீகாருக்கு 10 விழுக்காட்டுக்குச் சற்று மேலும், தமிழகத்துக்கு ஏறத்தாழ 4.08 விழுக்காடும் ஒதுக்கியது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கு 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பை அளவுகோலாக்கியது குறித்து நமக்கு மனத்தாங்கல் உண்டு, அது நியாயமானதே. ஆனால் கணக்குப் புத்தகத்தை 1950களின் பக்கத்திலிருந்தே திறக்க வேண்டும் என்று பீகார்க்காரர் சொன்னால், அதையும் நாம் மறுப்பதற்கில்லை.

2020 அக்டோபரில் தமிழகம், 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் சேர்ந்தது. பீகாரில் பெற்ற அட்டையைக் கொண்டு இங்குள்ள தொழிலாளி தம் பங்குத் தானியத்தை இங்கேயே வாங்கலாம். எஞ்சிய பங்கை அவர் குடும்பத்தார் சொந்த ஊரில் வாங்கிக்கொள்ளலாம்.