மலை வேட்டை ரைஃபிள்

மூட்டையைத் தோளில் சுமந்து மலையேறும் வேட்டைக்காரருக்கான நீள்குழல் துப்பாக்கி. இதில் முதலில் பார்க்க வேண்டியது எடை. ஆனால் எடை குறையக் குறையத் தோளில் விழும் உதை கூடும். உதைக்கு அஞ்சுபவரின் குறி தவறும். எனவே தோட்டாவின் வலுவையும் சேர்த்தே எடையை முடிவு செய்ய வேண்டும்.

தென்னிந்தியாவில் இப்படித் துப்பாக்கியுடன் நடந்தவர்களுக்குச் சிறந்த சான்று பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). அஞ்செட்டி, ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி நடந்த அவரது கையில் இருந்தது வின்செஸ்டர் 1895, .405 ரகம். 300 கிரெய்ன், அதாவது சுமார் 19 கிராம் எடையுள்ள குண்டு. நெம்புகோலை இழுத்து அடுத்த தோட்டாவை விரைவாக ஏற்றலாம். தூரம் கூடினால் குண்டு சட்டெனத் தாழும். புதர் மண்டிய காட்டில் அது பெரிய குறையல்ல. திறந்த சரிவுகளுக்கு வேகமான சிறு குண்டே ஏற்றது. குமாவோன் மலைகளில் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுமந்த ரிக்பி .275 அவ்வகை.

மழையிலும் பனியிலும் துப்பாக்கியின் மரக்கட்டை ஊறி உப்பினால் குழலை நெருக்கிக் குறியை மாற்றிவிடும். செயற்கை இழைக் கட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. செங்குத்துச் சரிவில் மேலே சுட்டாலும் கீழே சுட்டாலும் குண்டு சற்று உயரவே படும். கிடைத்தூரத்தைக் கணக்கிட்டுக் குறி வைக்க வேண்டும்.

ஆனால் இன்று இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். துப்பாக்கி வைத்திருக்க 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.