1697 கண்டிப் பெரியம்மையும் யோசப் வாஸின் நோயாளர் பணியும்

1697ஆம் ஆண்டு இலங்கையின் கண்டி அரசில் பெரியம்மை பரவியபோது, கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குருவான யோசப் வாஸ் (1651–1711) தம் உறவினரான யோசப் கர்வாலோ என்ற குருவுடன் நோயாளர்களைப் பராமரித்தார். ஒல்லாந்தரின் ஆட்சிப்பகுதியில் தடைசெய்யப்பட்டிருந்த ஒரு சமயத்தின் குருக்கள், பௌத்த அரசனின் தலைநகரில் எல்லாச் சமயத்தாருக்கும் செய்த இப்பணி இலங்கைக் கிறித்தவ வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும்.

பின்னணி

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்பதும் குற்றமாயிற்று. கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் கைக்குச் சென்றன. திருமணப் பதிவுக்கும் சொத்துரிமைக்கும் அச்சபையின் பதிவேட்டில் பெயர் இருப்பது தேவைப்பட்டது. எனவே பலர் வெளியில் சீர்திருத்தக் கிறித்தவராகவும் வீட்டுக்குள் கத்தோலிக்கராகவும் வாழ்ந்தனர். பழைய சைவ, பௌத்த வழக்கங்களை விடாதவர்களும் அவர்களிடையே இருந்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இம்மக்களுக்குக் குரு எவரும் இல்லை.

வாஸின் வருகை

யோசப் வாஸ் 1651 ஏப்ரல் 21இல் கோவாவின் பெனோலிம் ஊரில், கொங்கணி பேசும் பிராமணக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். 1676இல் குருவானார். ஐரோப்பியத் துறவற சபைகள் பொதுவாக இந்தியரைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. கோவாவின் உள்ளூர்க் குருக்கள் தமக்கென அமைத்துக்கொண்ட ஒரட்டோரியன் சபையில் 1685இல் சேர்ந்து அதன் வாழ்க்கை முறையை ஒழுங்குபடுத்தினார்.

1687இல் தூத்துக்குடி வழியாகக் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். கரையிறங்கியதும் கடும் வயிற்றுக்கடுப்பால் வருந்தினார். நோயுற்ற அந்நியனுக்கு ஊர் அஞ்சி ஒதுங்குவது எப்படியிருக்கும் என்பதை அவர் அங்கேயே அனுபவித்தார். பின்னர் சில்லாலையை மையமாகக் கொண்டு இரவில் மறைவாக வழிபாடு நடத்தினார். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானதும் 1690இல் கண்டியரசின் ஆளுகையிலிருந்த புத்தளத்துக்குச் சென்றார். 1692இல் கண்டியை நெருங்கியபோது போர்த்துக்கேய ஒற்றன் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். காவல் தளர்ந்த பின்னரும் அவருடைய நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1696இல் வறட்சியின்போது அவர் வேண்டுதல் செய்ய மழை பெய்தது என்றும், அதன்பின் அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குச் சுதந்திரம் அளித்தான் என்றும் கத்தோலிக்க மரபு கூறுகிறது.

பெரியம்மையும் பராமரிப்பும்

பெரியம்மைக்கு அன்று மருந்து கிடையாது. ஜென்னரின் தடுப்பூசிச் சோதனை 1796இல்தான் நடந்தது. சிங்களர் பத்தினித் தெய்வத்தையும் தமிழர் மாரியம்மனையும் கண்ணகியையும் அம்மை நோயோடு தொடர்புபடுத்தி வழிபட்டனர். அச்சத்தால் நோயாளரைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடும் வழக்கமும் கண்டிப் பகுதியில் இருந்தது. 1697இல் நோய் தலைநகரை எட்டியதும் அரசனும் வசதியுள்ளோரும் நகரைவிட்டு வெளியேறினர்.

வாஸும் கர்வாலோவும் கைவிடப்பட்டவர்களைத் தேடிச் சென்றனர். குடிசைகள் அமைத்து அவர்களைத் தங்கவைத்து, உணவும் நீரும் கொடுத்து, புண்களைக் கழுவினர். இறந்தோரை அடக்கம் செய்தனர். நோயாளரின் சமயம் கேட்கப்படவில்லை. பிணத்தைத் தொடுவது தீட்டு என்று கருதிய சமூகத்தில், பிராமணக் குடியில் பிறந்தவர்கள் அப்பணியைத் தம் கையாலேயே செய்தது குறிப்பிடத்தக்கது.

இப்பராமரிப்பு நோயைக் குணப்படுத்தவில்லை. ஆனால் கடும் காய்ச்சலில் எழ முடியாமல் கிடப்பவருக்கு நீரும் கஞ்சியும் கொடுக்க ஒருவர் இல்லையென்றால், நோயைத் தாங்கக்கூடியவரும் பசியாலும் தாகத்தாலும் இறப்பார். காட்டில் விடப்பட்டவருக்கு நேர்ந்தது அதுவே.

விளைவுகள்

அரசன் திரும்பிவந்து இப்பணியைப் பாராட்டினான் என்றும், குருக்கள் இல்லாவிட்டால் தெருவெல்லாம் பிணமாகக் கிடந்திருக்கும் என்ற பொருளில் பேசினான் என்றும் மரபு உண்டு. நாடு முழுவதும் மறைப்பணிக்குக் கண்டி தளமாயிற்று. கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தனர். அவர்களுள் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்களை எழுதினார். 1711 ஜனவரி 16இல் வாஸ் கண்டியில் காலமானார்.

மதிப்பீடு

இந்நிகழ்வுகள் பெரும்பாலும் ஒரட்டோரியன் குருக்களின் கடிதங்கள் வழியாகவும், அதே சபையைச் சேர்ந்த செபஸ்தியாவோ தோ ரேகோ 1745இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றின் வழியாகவும் அறியப்படுகின்றன. அச்சபையினரே எழுதிய இவற்றில் அற்புதச் செய்திகளும் அரசனின் புகழுரையும் இடம்பெறுவது இயல்பு. ஆகவே இதை மனத்தில் கொண்டே அவற்றைப் படிக்க வேண்டும்.

வாஸ் மறைபரப்பு நோக்கத்துடனேயே இலங்கைக்கு வந்தார்.  நோயாளர் பணி அவருடைய சமயத்துக்கு நற்பெயரைத் தேடித்தந்ததும் உண்மை. எனினும் மதம் மாறுவது உதவிக்கு நிபந்தனையாக இருக்கவில்லை. தம் சபையின் எதிர்காலமே அரசனின் தயவில் தங்கியிருந்த நிலையில், அரசனே விட்டுச்சென்ற நகரில் அவர்கள் தங்கினர். அவர்கள் இறந்திருந்தால் அந்தச் சிறிய மறைப்பணியே பெரிதும் முடங்கியிருக்கும்.

அப்பணி ஈட்டிய நல்லெண்ணமும் நிலையாக நீடிக்கவில்லை. 1740களில் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் கத்தோலிக்கக் குருக்கள் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஆனால் வாஸும் அவருடைய தோழர்களும் ஊர்தோறும் உருவாக்கிய சமூகங்கள் ஒல்லாந்தர் ஆட்சி முடியும்வரை தாக்குப்பிடித்தன.

1995 ஜனவரி 21இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் வாஸுக்கு அருளாளர் பட்டம் அளித்தார். 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ், காலிமுகத்திடலில் நடந்த திருப்பலியில் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கையின் முதல் புனிதராகப் போற்றப்படும் அவரைச் சிங்களக் கத்தோலிக்கரும் தமிழ்க் கத்தோலிக்கரும் ஒருங்கே தம்மவராகக் கொள்கின்றனர்.