ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா

ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா, முதுகில் கெட்டியான தகடு கொண்ட வன் உண்ணிகளின் குடும்பமான இக்சோடிடேயைச் சேர்ந்த காட்டு உண்ணி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் வாழ்கிறது; தென்கிழக்காசியாவிலிருந்தும் பதிவுகள் உண்டு. கியாசனூர்க் காட்டு நோய் எனப்படும் குரங்குக் காய்ச்சலின் வைரசை மனிதருக்குக் கடத்தும் உண்ணிகளில் இதற்கே முதலிடம்.

இந்த இனத்துக்கு 1897இல் பெயரிட்டவர் பிரான்சின் துலூஸ் கால்நடை மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த லூயி ஜார்ஜ் நியூமன். ஹீமாபைசாலிஸ் பேரினத்தை 1844இலேயே கோக் என்பவர் நிறுவியிருந்தார். 1897க்குப் பிந்தைய 60 ஆண்டுகளின் பதிவு மெலிந்தது. முகமது ஷரீப் 1928இல் வெளியிட்ட இந்திய உண்ணிகளின் மறுஆய்வைத் தவிர்த்தால், பெரும்பாலும் அருங்காட்சியக மாதிரிகளும் விலங்குப் பட்டியல்களுமே மிஞ்சுகின்றன.

1957இல் நிலைமை மாறியது. அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில், சொரப் தாலுகாவின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் அதே காட்டுக்குள் போய்வந்த கிராமத்தார் கடும் காய்ச்சலில் படுத்தனர். சிலருக்கு ரத்தக்கசிவும் ஏற்பட்டது. குரங்குச் சாவோடு வந்த காய்ச்சல் என்பதால் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. புனேயின் வைரஸ் ஆராய்ச்சி மையத்திலிருந்து (இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம்) டெல்ஃபோர்ட் வொர்க், ஹெரால்ட் டிராபிடோ ஆகியோர் அடங்கிய குழு களமிறங்கியது. பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ், உண்ணிகள் பரப்பும் ருஷ்ய மூளையழற்சி வைரசுகளுக்கு உறவானது. காட்டுத் தரையில் திரட்டிய உண்ணிகளிலும் அதே வைரஸ் கிடைத்தது. அவற்றில் முன்னின்றது ஸ்பினிஜெரா.

அதன்பின் ஏறத்தாழ 15 ஆண்டுகள் மலைநாட்டின் இந்தச் சிறு பகுதி உலகின் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட உண்ணிக் காடுகளில் ஒன்றாக இருந்தது. களப்பணியாளர்கள் துணியைக் காட்டுப் பாதையோரச் சருகின் மீது மெல்ல இழுத்துச் செல்வார்கள். சில அடிகளுக்கு ஒருமுறை அதைத் திருப்பிப் பார்த்து, ஒட்டிய கடுகினும் சிறிய உண்ணிகளை இடுக்கியால் எடுத்துக் குப்பியில் இடுவார்கள். இரையின் வரவுக்காக முன்கால்களை விரித்துக் காத்திருக்கும் பழக்கமே உண்ணியைத் துணியில் தொற்றவைத்தது.

ஆனால் திரட்டியதை இனம் பிரிப்பது எளிதாக இல்லை. ஸ்பினிஜெரா அடங்கிய காய்செரியானா துணைப்பேரினத்து உண்ணிகள் ஒன்றையொன்று ஒத்தவை. வாயுறுப்பை ஒட்டிய பால்ப்பு எனும் உணர்வுறுப்புகளிலும் கால்களின் அடிக்கணுக்களிலும் உள்ள முட்களின் அளவும் சாய்வுமே இனங்களைப் பிரித்தறியும் முக்கிய அடையாளங்கள். கெய்ரோவிலிருந்த அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் ஹாரி ஹூக்ஸ்ட்ராலும் டிராபிடோவும் இந்தச் சிக்கலை விடுவிக்க முனைந்தனர். ஹீ. கியாசனூரென்சிஸ் என்ற இனமும் ஹீ. கார்னிஜெராவின் ஷிமோகா என்ற துணையினமும் 1964இல் விவரிக்கப்பட்டன. பிந்தையதைப் பின்வந்தோர் தனி இனமாகவே கொள்கின்றனர். ஒரு காலத்தில் ஸ்பினிஜெராவின் துணையினமாக எண்ணப்பட்ட நியூ கினி உண்ணியும் இன்று ஹீ. நோவேகினியே என்ற தனி இனம். ஆகவே பழைய தென்கிழக்காசியப் பதிவுகளில் எவை உண்மையில் ஸ்பினிஜெரா என்பதை மாதிரிகளை மறுபடி பார்க்காமல் சொல்வது கடினம்.

ஸ்பினிஜெரா மூன்று விலங்குகளின் ரத்தத்தில் வளரும் உண்ணி. முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு ஒரு விலங்கில் ரத்தம் குடித்து உதிர்ந்து, தோலுரித்து எட்டுக்கால் நிம்ஃப் ஆகிறது. அது இன்னொரு விலங்கைப் பற்றி, மீண்டும் உதிர்ந்து முதிர்கிறது. முதிர்ந்தது மூன்றாவதைத் தேடுகிறது. குஞ்சுகளும் நிம்ஃப்களும் எலி, மூஞ்சூறு போன்ற சிற்றுயிர்களையும் காட்டுக்கோழி முதலிய தரைப்பறவைகளையும் குரங்குகளையும் பற்றுகின்றன. முதிர்ந்தவற்றுக்கு மாடு, எருமை, காட்டெருது, கடமான் போன்ற பெரிய உடல்கள் வேண்டும். மனிதரைக் கடிப்பது பெரும்பாலும் நிம்ஃப். மழைக்குப் பிந்தைய வறண்ட மாதங்களில் அது பெருகுவதால் நோயும் டிசம்பர் முதல் மே வரை உச்சம் கொள்கிறது.

சாம்பல் மந்தியும் நாட்டுக்குரங்கும் வைரசால் எளிதில் மடிகின்றன. நோயுற்ற குரங்கில் ரத்தம் குடித்த குஞ்சுகள் அதன் அடியிலேயே உதிர்ந்து, தொற்றுள்ள நிம்ஃப்களாக எழுகின்றன. குரங்கு இறந்த இடத்தைச் சுற்றி உண்ணிக்கொல்லி தூவும் வழக்கம் இதனால் வந்தது. மாடுகள் வைரசைப் பெருக்குவதில்லை, உண்ணியைப் பெருக்குகின்றன. காடழிப்பும், உண்ணிச்செடிப் புதர்களும், மேய்ச்சலும் சேர்ந்தே நோயை வெளிக்கொணர்ந்தன என்று ஆய்வாளர் ஹோர்ஹே போஷெல் 1969இல் வாதிட்டார். இக்கருத்துக்குப் பரவலான ஏற்பு உண்டு. எனினும் எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஒருமித்த முடிவில்லை.

வைரஸ் அந்தக் காட்டில் முன்பே உறங்கிக் கிடந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்பதும் தீராத கேள்வியே. வலசைப் பறவைகள் வடக்கிலிருந்து கொண்டுவந்திருக்கலாம் என்ற ஊகம், சாலிம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையமிடும் பெருந்திட்டத்தைத் தொடங்க ஒரு தூண்டுகோலானது. உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு உதவியது. பறவைவழி வந்ததென்பது உறுதிப்படவில்லை; இந்தியப் பறவைகளின் வலசையைப் பற்றிய அறிவு மட்டும் பெரிதும் வளர்ந்தது.

பத்துக்கும் மேற்பட்ட உண்ணி இனங்களில் இந்த வைரஸ் கண்டறியப்பட்டுள்ளது. அவற்றுள் ஹீ. டர்ட்டுரிஸ் ஸ்பினிஜெராவுக்கு அடுத்து முக்கியமானதாகக் கருதப்படுகிறது.

2012 முதல் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் ஆகிய இடங்களிலும் நோய் பதிவாயிற்று. 2019இல் சிமோகாவின் சாகர் தாலுகா மீண்டும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நோய் புதிதாகப் பரவியதா, அல்லது கண்காணிப்பு விரிந்ததால் தெரியவந்ததா என்பதில் கருத்துகள் வேறுபடுகின்றன. இப்புதிய பகுதிகளில் ஸ்பினிஜெரா பற்றும் விலங்குகளின் பட்டியல் இன்னும் குறுகியது. விரிவான பதிவு சிமோகாவுக்கே உண்டு.