கோ – வென்ட்: ஓர் ஆங்கில வினையின் வரலாறு

ஆங்கிலம் கற்கத் தொடங்குவோர் விதிக்கு அடங்காத வினைகள் என மனப்பாடம் செய்பவற்றுள் 'கோ' முதன்மையானது. 'சிங்' என்பது இறந்தகாலத்தில் 'சாங்' ஆகும்போது உயிரொலி மட்டுமே மாறுகிறது. 'கோ'வோ 'வென்ட்' ஆகிறது. இரண்டுக்கும் பொதுவாக ஓர் ஒலிகூட இல்லை. இவ்விறந்தகாலம் வந்த வழியையும், போதல் என்னும் பொருள் எதிர்காலக் குறியாக மாறியதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இரண்டுக்கும் பின்னணியில் நிற்பது இச்சொல்லின் மிகுந்த புழக்கமே.

இரவல் இறந்தகாலம்

பழைய ஆங்கிலத்தில் இவ்வினை 'கான்' என வழங்கியது. ஜெர்மன், டச்சு மொழிகளில் இதன் இனச்சொற்கள் இன்றும் உள்ளன. அப்போதே இதன் இறந்தகாலம் வேறு வேரிலிருந்து பிறந்த 'ஏஒடெ' என்பதுதான். அதே காலத்தில் 'வெண்டன்' என்றொரு வினையும் இருந்தது. திருப்புதல், திரும்புதல் என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். செல்லுதலையும் அது குறித்தது. 'செண்ட்' என்பது 'சென்ட்' ஆவதுபோல, இடைக்கால ஆங்கிலத்தில் அதன் இறந்தகாலம் 'வென்ட்' ஆனது.

1400இல் மறைந்த கவிஞர் சாசரின் எழுத்தில், 'கோ'வின் இறந்தகாலமாகப் புகுந்த இப்புதிய வடிவமும் 'ஏஒடெ'யின் வழிவந்த 'யேட்' வடிவமும் அருகருகே வாழ்கின்றன. 15ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் தென் இங்கிலாந்தில் 'வென்ட்' நிலைபெற்றது. 1590இல் 'ஃபேரி குயின்' காவியத்தின் முதற்பகுதியை வெளியிட்ட ஸ்பென்சர், பழைய வடிவத்தைத் தொன்மைச் சாயலுக்காகவே கையாண்டார். ஸ்காட்லாந்து வழக்கு வேறு வழியில் சென்று, 'கே' என்ற தன் வடிவத்தோடு இறந்தகால விகுதியைச் சேர்த்துக் 'கேட்' என ஆக்கிக்கொண்டது. தன் இறந்தகாலத்தைப் பறிகொடுத்த 'வெண்ட்' புதிதாக 'வெண்டெட்' என்பதைப் பெற்றது.

பிரெஞ்சிலும் போதல் வினையின் நிகழ்கால வடிவங்கள் பலவும் இலத்தீன் 'வாடெரே'யிலிருந்தும் எதிர்காலம் 'ஈரே'யிலிருந்தும் வந்தவை. இத்தகைய கலப்பு நிலைப்பதற்குக் காரணம் மிகுந்த புழக்கமே. அரிதாக வழங்கும் வினையின் தனி வடிவங்கள் நினைவில் தங்காமல் பொதுவிதிக்குள் அடங்கிவிடுகின்றன. நாள்தோறும் காதில் விழும் வினையோ ஒவ்வாத வடிவத்தையும் தலைமுறைதோறும் கைமாற்றித் தருகிறது.

இடத்திலிருந்து காலத்துக்கு

1482 வாக்கில் அச்சான 'ஈவ்ஷாம் துறவிக்கான வெளிப்பாடு' நூலில், நரகத்துக்குக் கொண்டுசெல்லப்படவிருக்கும் ஓர் ஆன்மாவைப் பற்றி 'கோயிங் டு' வருகிறது. அங்கே பயணமும் உண்டு. இனி நிகழவிருப்பது என்ற குறிப்பும் உண்டு. இந்த இரட்டைப் பொருளே மாற்றத்தின் வாயில். ஒன்றைச் செய்வதற்காகப் போகிறவர் அதை இன்னும் செய்யவில்லை. ஆகவே நோக்கத்தோடு எதிர்காலம் ஒட்டிக்கொண்டே வருகிறது. 1646இல் ஜோஷுவா பூல் தம் இலக்கண நூலில் இத்தொடரை எதிர்காலக் குறியாகவே பதிவு செய்துவிட்டார்.

பின்னர் உயிரற்றவையும் இத்தொடருக்கு எழுவாயாயின. மழை வரப்போவதைச் சொல்லும்போது யாரும் எங்கும் நடப்பதில்லை. மிகுந்த புழக்கத்தால் பேச்சில் இத்தொடர் 'கனா' எனச் சுருங்கியது இம்மாற்றத்துக்கு உறுதியான சான்று. 'ஐ ஆம் கோயிங் டு லண்டன்' என்பதில் அச்சுருக்கம் இயலாது. எதிர்காலத்தைக் குறிக்கும் இடத்தில் மட்டுமே இயலும். முழுவினை துணைவினையாகத் தேய்வதை 1912இல் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே 'இலக்கணமயமாதல்' என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினார்.

தமிழிலும் 'பார்க்கப் போகிறான்' என்பது பயணத்தையும் எதிர்காலத்தையும் ஒருங்கே குறிக்கும். 'மழை பெய்யப் போகிறது' என்பது எதிர்காலத்தை மட்டுமே குறிக்கும். இரண்டிலும் செயவென் எச்சமே பாலமாகிறது. வேறுவேறு குடும்பத்து மொழிகள் ஒரே தடத்தில் நடந்திருப்பதால், இம்மாற்றத்தை ஆங்கிலத்தின் தனி விசித்திரமாகக் கொள்ள முடியாது. புறநடைப் பட்டியலில் அடைத்துக் கற்பிக்கப்படும் 'கோ', மொழிமாற்றத்தின் பொதுப்போக்கைக் காட்டும் முதன்மைச் சான்றாகக் கற்பிக்கத் தக்கது.