ஆர்சனிக்: கந்தகத்தோடு வரும் நஞ்சு

ஆர்சனிக் 33 என்ற அணு எண் கொண்ட தனிமம். உலோகத்துக்கும் அலோகத்துக்கும் நடுவில் நிற்பது. தனித்த நிலையில் அதைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. மனிதர் கைக்கு அது பெரும்பாலும் சேர்மங்களாகவே வந்திருக்கிறது, அந்தச் சேர்மங்களுக்குத் தமிழில் பழைய பெயர்கள் உண்டு. கந்தகத்தோடு கூடிய மஞ்சள் கனிமம் அரிதாரம். தாளகம் என்றும் சொல்வார்கள். சிவந்தது மனோசிலை. ஆக்சிஜனோடு கூடிய வெண்பொடி வெள்ளைப் பாஷாணம். கூத்துக்கு ஒப்பனை செய்வதை ‘அரிதாரம் பூசுவது’ என்கிறோமே, அது இந்த மஞ்சள் கனிமத்தின் பெயர்தான். இன்று கூத்துக்காரர் கடையில் வாங்கிய வண்ணத்தைப் பூசிக்கொண்டாலும் சொல் மட்டும் முகத்தை விட்டுப் போகவில்லை.

மண்ணுக்கடியில் ஆர்சனிக் கந்தகத்தை விட்டுப் பிரிவது அரிது. தாமிரம், ஈயம், தங்கம் ஆகியவற்றின் சல்பைடு தாதுக்களில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை உருக்கும்போது புகையோடு மேலே போய், புகைக்கூண்டின் சுவரில் வெண்பொடியாகப் படியும். உலகச் சந்தைக்கு வரும் வெள்ளைப் பாஷாணத்தில் பெரும்பகுதி இப்படி உருக்காலைகளின் கழிவிலிருந்து கிடைப்பதே. இதற்கென்று தனிச் சுரங்கம் தோண்டுவோர் இல்லை என்றே சொல்லலாம்.

பட்டாசுக்குப் பெயர்போன சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்திலும் அப்படியொரு சுரங்கம் கிடையாது. சிவகாசியைக் கந்தக பூமி என்று அழைத்தாலும் அந்தக் கந்தகமும் வெளியூரிலிருந்து மூட்டையில் வருவதுதான். இந்த வட்டாரத்துக்கு ஆர்சனிக்கோடு உள்ள உறவு முழுக்கத் தொழில்வழி உறவு: முதலில் நாட்டு மருந்து, பிறகு வாணவேடிக்கை, அதன் பிறகு சட்டம்.

சித்த மருத்துவம் பாஷாணங்களை 64 என்று கணக்கிடுகிறது. அவற்றில் 32 பிறவிப் பாஷாணம், 32 வைப்புப் பாஷாணம்; முன்னவை இயற்கையில் கிடைப்பவை, பின்னவை செய்துகொள்பவை. எல்லாமே ஆர்சனிக் அல்ல என்றாலும் தாளகம், மனோசிலை, வெள்ளை, கௌரி ஆகியவை அந்தப் பட்டியலில் முக்கியமானவை. பழனி மூலவர் திருமேனியைச் சித்தர் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது மரபு. தாளகத்தைச் சுத்தி செய்து புடமிட்டுப் பற்பமாக்கி அரிசியெடை, பணவெடைக் கணக்கில் தந்திருக்கிறார்கள். அளவு பிசகினால் மருந்தே கொல்லும் என்பது அந்தக் கணக்குக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மேற்கு நாடுகளும் இதே வழியில்தான் நடந்தன. 1786-இல் தாமஸ் ஃபௌலர் அறிமுகப்படுத்திய ஆர்சனிக் கரைசலை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் சத்து மருந்தாகவே குடித்தார்கள். பால் எர்லிக்கும் சஹாச்சிரோ ஹாத்தாவும் மேகநோய்க்குக் கண்டுபிடித்த சால்வர்சான் 1910-இல் சந்தைக்கு வந்தது. அதுவும் ஆர்சனிக் சேர்மம். இன்றும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்சனிக் டிரையாக்சைடுதான் உயிர் காக்கிறது. நம் பாட்டன்மார் வெள்ளைப் பாஷாணம் என்று சொன்ன அதே பொருள்தான், மருத்துவமனையின் அளந்த ஊசிக்குள்.

கொலைக்கு இது பெயர்போனதற்குக் காரணம் உண்டு. நிறமில்லை, சுவையில்லை, குடித்தவருக்கு வரும் வாந்தியும் கஞ்சித் தண்ணீர் போன்ற பேதியும் காலராவை அப்படியே ஒத்திருக்கும். காலரா ஆண்டுதோறும் ஊர்களை வாரிக்கொண்டு போன காலத்தில் யார் சந்தேகப்படுவார்? 1836-இல் ஜேம்ஸ் மார்ஷ் தம் சோதனை முறையை வெளியிட்ட பிறகுதான் உடலுக்குள் ஒளிந்திருக்கும் ஆர்சனிக்கை நீதிமன்றத்தில் காட்ட முடிந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் மனிதர் மட்டுமல்ல, தோலுக்காக மாடுகளும் இதே நஞ்சால் கொல்லப்பட்டன. 1904-இலும் 1919-இலும் வந்த நஞ்சுச் சட்டங்களுக்கு வெள்ளைப் பாஷாணமே முதற்காரணம்.

வாணவேடிக்கையில் இது நுழைந்ததும் பழைய கதை. விஜயநகரத்தின் மகாநவமியில் வாணங்கள் விட்டதை 1443-இல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் எழுதி வைத்திருக்கிறார். 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரிசாவை ஆண்ட கஜபதி பிரதாபருத்ர தேவரின் ‘கௌதுக சிந்தாமணி’ வாணங்களுக்கு வேண்டிய சரக்குகளைப் பட்டியலிடுகிறது. வெடியுப்பு, கந்தகம், கரி, இரும்புத்தூள் ஆகியவற்றோடு தாளகமும் அதில் இடம்பெறுகிறது. பின்னாளில் ஐரோப்பிய வாணக்காரர்கள் வெள்ளை ஒளிக்கு மனோசிலையையும், பகலில் விடும் மஞ்சள் புகைக்கு அரிதாரத்தையும், நீல நிறத்துக்குப் பாரிஸ் பச்சை என்ற தாமிர-ஆர்சனிக் சேர்மத்தையும் கையாண்டார்கள். அதே பாரிஸ் பச்சை பயிர்ப் பூச்சிக்கும், இந்தியா உட்படப் பல நாடுகளில் கொசுப்புழுவுக்கும் தூவப்பட்டது.

சிவகாசித் தொழிலின் தொடக்கம் தீப்பெட்டியில். பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டே இங்கு உற்பத்தி தொடங்கியது. வண்ண மத்தாப்பும் பட்டாசும் அதன் கிளைகள். 1940-இன் வெடிபொருள் விதிகள் உரிமம் இல்லாமல் செய்ய முடியாது என்றாக்கின. இரண்டாம் உலகப்போரால் வெளிநாட்டுச் சரக்கும் வருவது நின்றுபோக, ஆலைகள் பெருகின. மழை குறைந்த கரிசல் காடு மருந்து உலர்வதற்கு வாகாக அமைந்தது. இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் சுற்றுப்புறத்தில் சுமார் ஆயிரம் ஆலைகள்.

ஆர்சனிக் சல்பைடு வெடித்தொழிலில் இரண்டு விதத்தில் ஆபத்தானது. ஒன்று அதன் நஞ்சு. மற்றொன்று, குளோரேட் உப்புகளோடு சேர்ந்துவிட்டால் நெருப்பே வேண்டாம், சிறு உரசலும் போதும் என்கிற அதன் குணம். ‘உராய்வு ஏற்பட்டு விபத்து’ என்ற செய்தியைப் படித்துப் படித்து இந்த வட்டாரத்துக்கு மரத்துப் போயிருக்கிறது. அந்த உராய்வுக்கு மிக எளிதில் விடைசொல்லும் கலவைகளில் இதுவும் ஒன்று. நாட்டு வெடிகுண்டு வழக்குகளில் தடயவியல் ஆய்வாளர்கள் ஆர்சனிக்கைத் தேடுவதும் இதனால்தான். கந்தகத்தையோ அதன் சேர்மங்களையோ குளோரேட்டோடு கலந்த வெடிபொருள்களை மத்திய அரசு 1992 ஜனவரியில் தடை செய்தது. அந்தத் தடைக்குள் மனோசிலையும் வந்துவிடுகிறது, வேறு காரணத்துக்காக.

நஞ்சு என்ற காரணத்துக்கான தடைக்கு இன்னும் 25 ஆண்டுகள் ஆயின. டெல்லியின் காற்றைக் குறித்து மூன்று குழந்தைகளின் சார்பில் 2015-இல் தொடுத்த வழக்கில், 2017 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் ஆண்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகிய ஐந்தும் எந்த வடிவிலும் பட்டாசில் இருக்கக் கூடாது என்றது. இதை உறுதிசெய்யும் பொறுப்பு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவுடையது, குறிப்பாகச் சிவகாசியில், என்றும் அந்த ஆணை ஊர்ப்பெயரோடு சொன்னது. 2018 அக்டோபர் 23-இல் வந்த தீர்ப்பு, இங்கே பச்சை உப்பு என்று சொல்லும் பேரியம் நைட்ரேட்டையும் சரவெடியையும் தடுத்தது. ஊரில் பெரும் பேச்சானது பச்சை உப்புதான். அது இல்லாவிட்டால் தொழிலே ஆட்டம் காணும். ஆர்சனிக்குக்காக யாரும் போராடவில்லை. அலுமினியப் பவுடரும் மற்ற வண்ண உப்புகளும் வந்தபின் தொழிலுக்கு அதன் தேவை முன்பே சுருங்கிவிட்டிருந்தது.

ஆனாலும் ‘எந்த வடிவிலும்’ என்ற சொல்லுக்குக் கனம் உண்டு. 1900-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் கைகால் மரத்து விழுந்தார்கள். சுமார் 70 பேர் இறந்தார்கள். காரணம் பீர். பீருக்கான சர்க்கரையைக் கந்தக அமிலம் கொண்டு தயாரித்தார்கள், அந்த அமிலம் ஆர்சனிக் கலந்த பைரைட் கல்லிலிருந்து வந்தது. யாரும் நஞ்சைக் கலக்கவில்லை; கந்தகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அதுவே வந்து சேர்ந்தது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பயன்பட்ட அஞ்சனக்கல் என்ற ஆண்டிமனி சல்பைடும் ஆர்சனிக்கின் உடன்பிறப்புத் தாதுதான். ஆகவே ஆலைக்காரர் வாங்காத பொருளும் மூட்டையில் வரக்கூடும். சிவகாசியில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரி மூலப்பொருள்களைப் பகுத்தாயும் கூடம் அமைத்ததை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சட்டத்தின் மையை விட அந்தக் கூடத்தின் தராசுக்கே இங்கு வேலை அதிகம்.

உடலுக்குள்ளும் ஆர்சனிக் கந்தகத்தையே தேடிப் பிடிக்கிறது. நம் நொதிகளில் கந்தகம் உள்ள முனைகள் உண்டு. அவற்றைப் பற்றிக்கொண்டு நொதிகளை முடக்கிவிடும். உயிரணு ஆற்றல் செய்ய முடியாமல் தவிக்கும். இரண்டாம் உலகப்போரில் லூயிசைட் என்ற ஆர்சனிக் விஷவாயுவுக்கு முறிமருந்தாக ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கிய டைமெர்காப்ரால் என்ற மருந்தின் சூட்சுமமும் இதுவே. அதன் மூலக்கூறில் இரண்டு கந்தக முனைகள் உள்ளன. ஆர்சனிக்குக்கு அவற்றைக் காட்டி இழுத்துச் சிறுநீரோடு வெளியேற்றுவார்கள்.

சிறிது சிறிதாக ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் கதை வேறு. கரிய தோலில் மழைத்துளி விழுந்தாற்போல வெளிறிய புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மரு போன்ற கடினமான முண்டுகள் எழும். விரல்நுனிகள் மரத்துப் போகும். நகத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு விழும். பத்து, இருபது ஆண்டுகள் கழித்துத் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரலாம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. மேற்கு வங்கத்தில் குடிநீர்வழி வந்த இந்த நோயை 1983-இல் அடையாளம் கண்டவர் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா. குளத்து நீரின் கிருமிக்குப் பயந்து தோண்டிய குழாய்க் கிணறுகளே ஆற்றுப் படிவிலிருந்த ஆர்சனிக்கை மேலே கொண்டுவந்தன. வங்காளத்தின் இரு பக்கத்திலும் பாதிக்கப்பட்டோர் கோடிக்கணக்கில். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனமும் இந்திய நெறியும் சொல்லும் எல்லை. நெல்லும் இதை நீரிலிருந்து உறிஞ்சும். நிறைய நீர் வைத்துச் சோறு வடிக்கிற நம் பழக்கம், நல்ல நீராக இருந்தால், அதில் ஒரு பங்கைக் கஞ்சியோடு இறக்கிவிடும்.

சிவகாசியில் கேட்க வேண்டிய கேள்வி கிணற்றைப் பற்றியது அல்ல, கையைப் பற்றியது. மருந்து கலக்கும் அறையில் மூச்சோடு ஏறும் தூசும், கையிலிருந்து வாய்க்குப் போகும் துகளுமே முதல் வழிகள். மாலையில் ஆலைப் பேருந்திலிருந்து இறங்கும் பெண்களின் கைகளைப் பார்த்திருக்கிறேன். அலுமினியப் பவுடர் ரேகைக்கு ரேகை வெள்ளிக்கோடு இழுத்திருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகும் நகக்கண்ணில் மினுக்கம் மிச்சமிருக்கும். மதியம் தூக்குச்சட்டியைத் திறந்து சோற்றைப் பிசைந்ததும் அந்தக் கைதான். அலுமினியம் மினுங்குவதால் தெரிகிறது. வேறு என்ன ஒட்டியிருக்கிறது என்று கண் சொல்லாது. நீதிமன்றங்கள் இத்தனை ஆண்டுகளாக வெடித்த பிறகு எழும் புகையைப் பற்றிப் பேசின, அது வேண்டியதே. வெடிக்கும் முன் அந்த மருந்தைத் தொட்ட கையைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை என்பது என் வருத்தம்.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 2025 வரை நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களில் ஆர்சனிக் நஞ்சேற்றத்தைச் சேர்த்திருந்தது. தொழிலாளி ஒருவருக்கு அந்த நோய் இருப்பதாகக் கருதும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்கக் கடமைப்பட்டிருந்தார். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் அதை ஏற்றிருந்தது. சிக்கல், கண்டுபிடிப்பதில்தான். ரத்தத்தில் ஆர்சனிக் சில மணி நேரமே தங்கும், சிறுநீரில் சில நாள். தீபாவளிக்கு ஆலை பூட்டிய பிறகு எடுக்கிற சிறுநீர் எதையும் சொல்லாது. முந்தைய நாட்களில் மீனோ இறாலோ சாப்பிட்டிருந்தால், அவற்றிலுள்ள தீங்கற்ற ஆர்சனிக் கணக்கைக் குழப்பிவிடும். மாதக்கணக்கில் சாட்சி சொல்பவை முடியும் நகமும். இரண்டும் கந்தகம் நிறைந்த கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. ஆர்சனிக் அங்கே போய் ஒட்டிக்கொண்டு நகத்தோடு மெல்ல வளர்ந்து வரும். ஆய்வுக்குக் கைநகத்தைவிடக் கால்நகம் மேல். மெதுவாக வளர்வதால் பழைய மாதங்களைக் காட்டும், கலக்கும் மருந்தும் அங்கே அதிகம் படாது. வெட்டிய துண்டை நன்றாகக் கழுவி உலர்த்தி ஓர் உறையில் போட்டு அனுப்பினால் போதும்.